பூஜை ரூம் என்றொரு ஃபோல்டர்

நெய்வேலி,
21.10.2024

அன்புள்ள புவனாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் நலம், உங்கண்ணனும் நலம், உங்கண்ணனுடைய முதுகுவலி எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், ஹரி, பீரோவுக்குள் சிறை வைக்கப்பட்டிருக்கும் உங்கள் மூன்று செல்போன்கள், எல்லாரும் சௌக்கியமா?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நான் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துத்தான். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாம் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மானிட்டரை இடமாக மூன்று, வலமாக மூன்று. கீழே இருக்கிற பெட்டி கோபித்துக்கொள்ளுமே என்று குனிந்து அதற்கும் மூன்று. டீ போடுகிற கரண்ட் அடுப்பில் போட்டேனோ இல்லையோ, நெடி கமறிக்கொண்டு கிளம்பியது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தம். அதாவது அந்தக் கம்ப்யூட்டர்மேல் இதுவரை யார் கண்ணும் படவில்லை. இந்தச் சோகத்தை நான் அனுபவிப்பதற்குள் பாத்ரூமிலிருந்து மேனேஜர் சண்முகசுந்தரம் இருமிக்கொண்டே ஓடிவந்தார்.

"என்னம்மா இது?"

"கொசு சார்."

"கொசுவுக்கு எதுக்கும்மா கடுகு?"

பதிலுக்கு நானும் இருமினேன்.

என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது மெயில் புரோகிராம். எங்கள் ஆபீஸ் வேலை உனக்குத் தெரியும். மைன்ஸுக்குப் போகும் கான்ட்ராக்ட் ஆட்களை எந்த பஸ் எந்த பிளாக்கில் ஏற்றவேண்டும் என்று தினமும் சாயங்காலம் லிஸ்ட் போட்டு பஸ் ஷெட்டுக்கு மெயிலில் அனுப்பவேண்டும். ஆயுத பூஜைக்குப் பிறகு அந்தப் புரோகிராமைத் திறந்தால் முகம் வெளுக்கிறது, ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி பொட்டென்று மூடிக்கொண்டு போய்விடுகிறது. கம்ப்யூட்டர் பார்க்க பண்ருட்டியிலிருந்து மாசத்துக்கு ஒருமுறை ராஜ்மோகன் வருவான். "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்பான். அதற்கு ஒரு டீ, ரெண்டு வடை. இன்னும் ஒரு தடவை லிஸ்ட் போகாவிட்டால் என்னை ஷெட்டுக்கே மாற்றிவிடுவேன் என்கிறார் மேனேஜர். ஷெட்டில் டீசல் புகையும் சாம்பல் தூசியும். எனக்கு இழுப்பு வரும் என்று உனக்கே தெரியும்.

ஊரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவள் நீ. நீதான் வழி சொல்லவேண்டும். ஹரியின் ப்ளஸ் டூ பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் போன் தொடுவதில்லை என்று நீ விரதம் எடுத்திருப்பதாலும், உன் வீட்டுக்காரர் கடையில் இருக்கும் பட்டன் போன் சாவுக்கும் பிறப்புக்கும் மட்டும்தான் என்பதாலும், மெயில் சாவது அதில் சேருமா என்று தெரியாததாலும், தபாலில் கேட்கிறேன்.

சென்டரை மூடி ரெண்டு வருஷமாக நீ வீட்டை விட்டு வெளியே வராததைப் பற்றியும், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டும் "எனக்கு எல்லாம் மறந்து போச்சு" என்று நீ சொல்லி அனுப்பியதைப் பற்றியும் நான் ஒரு வார்த்தைகூட எழுதக்கூடாது என்று உங்கண்ணன் உத்தரவு. அதனால் எழுதவில்லை.

இருமல் ஓயாத,
அண்ணி சந்திரகலா


சங்கரன்கோவில்,
29.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் சுட்டேன். ஹரி படிக்கிறான் என்பதால் வேறொன்றும் இல்லை.

நான் அதையெல்லாம் விட்டுவிட்டேன் அண்ணி. இப்போது வரும் புரோகிராம் எதுவும் எனக்குத் தெரியாது. ராஜ்மோகனைவிட நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? நல்ல ஆளாகப் பார்த்துக் கேளுங்கள்.

அண்ணனை முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லவும்.

அன்புடன்,
புவனா

பி.கு.: அந்தச் சின்னப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது? மறுபடி வந்தால் மூடிவிடாமல் படித்து எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


நெய்வேலி,
07.11.2024

அன்புள்ள புவனா,

உன் முறுக்கு நலமா? பல் உள்ளவர்கள் நலமா?

நீ சொன்னபடியே பெட்டி வந்தது. மூடவில்லை. இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: "இந்தப் புரோகிராம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது." இதைச் சொல்ல ஒரு பெட்டி எதற்கு? எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வேலை செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, யாரும் பெட்டி போட்டு அறிவிப்பதில்லை.

பெட்டி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. உன் அடுத்த கடிதம் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று மானிட்டரில் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். மின்சாரத்தையும் அணைக்க விடவில்லை. லிஸ்டைக் கையால் எழுதி உங்கண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஷிப்டுக்குப் போகிற வழியில் ஷெட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எழுத்தை அவர் பத்திரமாகச் சட்டைப்பையில் வைப்பது இப்போதுதான்.

ஆபீஸ் பெருக்கும் மாணிக்கம்மாள், மானிட்டர் பக்கத்தில் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "என்னாம்மா, பொட்டி கண்ண முழிச்சிக்கினே இருக்குது, கோமாவா?" என்கிறாள். என்னவென்று சொல்வேன்? சீக்கிரம் எழுது.

கண் விழித்துக் காவல் இருக்கும்,
அண்ணி


சங்கரன்கோவில்,
15.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்களைத்தான் நினைத்துக் கவலை.

அண்ணி! மூடாதீர்கள் என்றால் படித்து முடிக்கிற வரைக்கும்! ஒரு வாரத்துக்கு இல்லை! சென்டரில் என்னிடம் படித்தவர்கள் யாரும் இப்படிச் செய்ததில்லை. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் தயவுசெய்து அதை மூடி, கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுங்கள். உள்ளே சுற்றும் ஃபேன் எரிந்து போயிருக்கப் போகிறது.

இனி நான் சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். வரிசை மாறக்கூடாது.

கீபோர்டில் கீழே இடது மூலையில் இருக்கும் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெயிலைத் திறக்கவும். பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லவும். அப்படித் திறந்தால் புரோகிராமின் உயிர் நன்றாக இருக்கிறது, சேர்க்கைதான் சரியில்லை என்று அர்த்தம். அடுத்தது, மெயில்கள் சேமிக்கப்படும் ஃபைல் எவ்வளவு பெரியது என்று பார்த்து எழுதவும். எப்படிப் பார்ப்பது என்று பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட இடத்தில் வலது பக்கப் பொத்தானை அழுத்தவேண்டும். வலது என்றால் நீங்கள் சோறு சாப்பிடும் கைப் பக்கம்.

படம் வரைந்து ரொம்ப நாளாகிவிட்டது. கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
புவனா


நெய்வேலி,
26.11.2024

அன்புள்ள புவனாவுக்கு,

நலம் நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத நேரமில்லை. திறந்துவிட்டது!

உன் கடிதம் வருவதற்குள் மாணிக்கம்மாள் பெட்டியை மூடிவிட்டாள். "பெருக்கிக்கினே வந்தேங்க, ஒயரு காலுல மாட்டிக்கிச்சு" என்றாள். ஃபேன் எரியவில்லை. அதன் ஓரமெல்லாம் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அப்பிக்கிடந்தது. சுரண்டி எடுத்தேன். பாதிச் சந்தனம் நான்தான் வைத்தேன் என்பதை மேனேஜரிடம் சொல்லவில்லை.

கன்ட்ரோல் பொத்தானை அழுத்தித் திறந்ததும் மெயில் பூனை மாதிரி வந்து நின்றது. லிஸ்ட் அனுப்பினேன். ஷெட்டிலிருந்து கிடைத்துவிட்டது என்று போன் செய்தார்கள். ஆபீஸே கைதட்டியது, ராஜ்மோகன் தவிர. அவன் வடையைக் கடித்துக்கொண்டு "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்றான்.

ஆனால் சாதாரணமாகத் திறந்தால் பழையபடி விழுகிறது. நீ கேட்ட அளவையும் பார்த்தேன். உன் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன், கோணல் ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்பது ஜிபி சொச்சம். இது அதிகமா, குறைச்சலா? உள்ளே இருப்பது எல்லாம் ஆபீஸுக்கு முக்கியமான பழைய மெயில்கள்தான். அதைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்படவேண்டாம். வேறு வழி ஏதாவது இருந்தால் எழுது.

"எழுதறது புவனாவா? பழைய டீச்சர் மாதிரி மிரட்டுதே" என்று உங்கண்ணன் உன் கடிதத்தை ரெண்டு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும்.

அன்புடன்,
பூனை வளர்க்கும் அண்ணி


சங்கரன்கோவில்,
18.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புயலில் கடலூர்ப் பக்கம் வெள்ளம் என்று பேப்பரில் படித்ததும் பதறிப்போனேன். விரதத்தை மீறி பட்டன் போனில் அண்ணனிடம் பேசியதை நீங்கள் ஹரியிடம் சொல்லவேண்டாம். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை என்றதும்தான் உயிர் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்தொன்பது ஜிபி என்பது பஸ் லிஸ்ட் இல்லை அண்ணி. இருக்கவே முடியாது. நீங்கள் எழுதியதை நம்பமுடியாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (வெளியே போனேனே என்று இதற்கு ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். காய்கறி வாங்கப் போகிற வழிதான்.) பஸ் லிஸ்ட் என்றால் முந்நூறு வருஷம் தினமும் அனுப்பினாலும் அத்தனை வராது. உங்கள் ஃபைல் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருக்கிறது. ஐம்பதைத் தொட்டால் நின்றுவிடும். எதையோ நீங்கள் அழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

வேறு வழி எல்லாம் கிடையாது. வேண்டாததை டெலிட் செய்யவேண்டும். அங்கே என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள். டாக்டரிடமும் கம்ப்யூட்டர் டீச்சரிடமும் மறைக்கக்கூடாது.

அன்புடன்,
புவனா


நெய்வேலி,
22.01.2025

அன்புள்ள புவனாவுக்கு,

பொங்கல் வாழ்த்து, தாமதத்துக்கு மன்னிப்பு, கரும்பு தின்று நாக்கில் புண், எல்லாம் சேர்த்து. ஹரி இன்னும் மாடல் எக்ஸாம் எழுதிக்கொண்டிருக்கிறானா? அவன் வயசில் நான் அத்தனை எழுதியிருந்தால் கதாசிரியர் ஆகியிருப்பேன்.

பொங்கல் வாரத்தில் ஆபீஸில் மேஜை நாற்காலி எல்லாம் இடம் மாற்றினார்கள். நம் கம்ப்யூட்டர் இப்போது ஜன்னல் ஓரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதன் பக்கம் உட்கார முடிகிறது. மேனேஜரின் ஷெட் மிரட்டல் அப்படியே இருக்கிறது, அதனால் நீ வைத்தியத்தை நிறுத்திவிடாதே.

சரி, மறைக்கவில்லை. சொல்லிவிடுகிறேன். சிரிக்கக்கூடாது.

எங்கள் பழைய டைம் கீப்பர் தங்கராசு அண்ணன் ரிட்டயர் ஆகிக் காடாம்புலியூரில் முந்திரித் தோப்போடு இருக்கிறார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து தினமும் காலையில் ஆபீஸ் மெயிலுக்கு சாமி படம் அனுப்புகிறார். ஒன்று இல்லை, அஞ்சாறு. செவ்வாய் என்றால் முருகன், வெள்ளி என்றால் அம்மன், சனிக்கிழமை ஆஞ்சநேயர். எல்லாம் சுவரில் மாட்டுகிற சைஸ். போன ஆயுத பூஜைக்கு ஒரு சரஸ்வதி வந்தாள், விளக்கு அசைகிறது, வீணைச் சத்தம் வருகிறது. அன்றைக்குத்தான் முதல் தடவை மெயில் விழுந்தது. நான் அவள்மேல் பழி போடவில்லை. போடுவேனா?

எப்படி புவனா டெலிட் செய்வது? டெலிட் செய்தால் அது எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறாயா? குப்பைத்தொட்டி படம் போட்டிருக்கிறது! மாரியம்மனைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட எனக்கு மட்டுமில்லை, ஆபீஸில் யாருக்கும் கை வரவில்லை. மேனேஜரே ஒருநாள் மவுஸ் வரைக்கும் போய், "நீங்களே பண்ணிடுங்கம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். அதனால் "பூஜை ரூம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே கிழமைவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திறப்பேன். ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி.

இதுதான் அந்த முக்கியமான பழைய மெயில்கள்.

தலைகுனிந்து,
அண்ணி


சங்கரன்கோவில்,
04.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனைவரும், பூஜை ரூமில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சிரிக்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். சத்தமாக. ஹரி கணக்கை விட்டு எழுந்து ஓடிவந்து, "அம்மா, உடம்பு சரியில்லையா?" என்றான். இந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தம் அவனுக்கு மறந்துபோயிருக்கிறது.

உங்களுக்குச் சொல்லும் வழியை முதலில் நானே செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. பிரவுசிங் சென்டரில் இல்லை. பாலிடெக்னிக் லேபில் இருக்கும் என்று தெரியும். திங்கட்கிழமை கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். உங்களை ஷெட்டுக்கு மாற்றிவிட்டால் இழுப்பு வருமே என்பதற்காகத்தான் போனேன், வேறு எதுவும் நினைக்கவேண்டாம்.

லேபுக்குப் பொறுப்பான ராயப்பன் சார் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கீபோர்டில் கை வைக்க பயமாக இருந்தது அண்ணி. வைத்தேன். விரல்கள் என்னைக் கேட்காமலே போயின. மணி போனதே தெரியவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பெண்ணுக்குப் பிரிண்டர் வரவில்லை என்று அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

மார்ச் 28-ஆம் தேதி ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்கிறார் சார். அதற்குள் ஹரிக்குப் பரீட்சையும் முடிந்துவிடும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கான வழி இதோ. பூஜை ரூமை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். எடுத்தது சரியாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அதன் பிறகு மெயிலில் இருப்பதை நீக்குங்கள். கடைசியில் ஃபைலைச் சுருக்கும் பொத்தான், படத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். சாமி எங்கும் போகவில்லை, வீடு மாறுகிறார், அவ்வளவுதான். குப்பைத்தொட்டி படத்தை அந்த நேரம் பார்க்காதீர்கள்.

ஒரு சந்தேகம். லிஸ்ட் சாயங்காலம்தானே போகவேண்டும், ஏன் மதியம் மட்டும் உட்காருகிறீர்கள்?

அன்புடன்,
புவனா


நெய்வேலி,
24.02.2025

அன்புள்ள புவனாவுக்கு,

நலம். ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் எழுதி முடிக்கிறேன். உன் மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் கடையில் உரம் வந்துவிட்டதா? எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன், யாரும் என்மேல் குறை சொல்லமுடியாது.

வீடு மாற்றம் நடந்து முடிந்தது. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்து, மறு வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழித்து வைத்துக்கொண்டேன். காப்பி எடுக்க மூன்று மதியம் பிடித்தது. கடைசி நாள் "நீக்கவா?" என்று கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாணிக்கம்மாள் என் விரலைப் பிடித்து அழுத்தினாள். பாவம் வந்தால் ஆளுக்குப் பாதி.

அப்புறம் அந்தப் பென் டிரைவை என்ன செய்வது? பாதி உலகத்துத் தெய்வங்களை டிராயரில் ஸ்டேப்ளரோடு போட்டு வைக்கமுடியுமா? மாணிக்கம்மாள்தான் சொன்னாள்: "கண்ணாடி வுட்டுப்போன சாமி படத்த என்னா பண்ணுவோம்? வூட்ல வெச்சிக்கினா இருப்போம்? அரசமரத்தடியில கொண்டுபோய் வெச்சிட்டு வருவோம்ல. அதாங்க." எனக்கு ஏன் தோன்றவில்லை? மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனோம். கோயில் அரசமரத்தடியில் சட்டம் உடைந்த பிள்ளையார், அட்டை கிழிந்த லட்சுமி, போன வருஷக் காலண்டர் முருகன், நடுவில் முப்பத்திரண்டு... இல்லை, அறுபத்துநாலு ஜிபி. கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மெயில் இப்போது திறக்கிறது. கன்ட்ரோல் பொத்தான் வேண்டாம், திருஷ்டி வேண்டாம், தொட்டால் திறக்கிறது. பத்து நாளாக ஒரு தடவைகூட விழவில்லை.

ஆனால் மேனேஜர் நம்பமாட்டேன் என்கிறார். "இனிமேல் நிக்காதுன்னு யாராவது தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்தாத்தான் ஒத்துக்குவேன்" என்கிறார். யார் எழுதிக் கொடுப்பது? நாத்தனார் என்று போட்டால் எடுபடாது. கீழே "லேப் இன்ஸ்ட்ரக்டர்" என்று ஒரு வார்த்தை இருந்தால் எடுபடும். அவசரமில்லை. மார்ச் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறார்.

28-ஆம் தேதியைப் பற்றி எழுதக்கூடாது என்கிற உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. அன்றைக்கு உங்கண்ணன் லீவு போட்டிருக்கிறார், வில்லுடையான்பட்டு முருகனுக்குப் போகப்போகிறாராம். எதற்கென்று கேட்டால் முதுகுவலிக்கு என்கிறார். அதற்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

பாதிப் பாவம் சுமக்கும்,
அண்ணி


சங்கரன்கோவில்,
05.04.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். ஹரி கெமிஸ்ட்ரி மட்டும் கொஞ்சம் கஷ்டம் என்றான். போன்களைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் அனுப்பியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குட்மார்னிங்குகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆனாலும் இதை வாட்ஸ்அப்பில் சொல்ல மனசு வரவில்லை.

28-ஆம் தேதி போனேன். புடவைக்கு மடிப்பு நிற்கவில்லை, மூன்று தடவை கட்டினேன். போர்டு முன்னால் நின்றதும் என்ன பாடம் எடுப்பது என்று மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது அண்ணி. பின்வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. "நெய்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். திருஷ்டி, பெட்டியை மூடாமல் காவல் இருந்தது, பூஜை ரூம், எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இப்போது என்ன செய்யவேண்டும் என்று அவர்களைக் கேட்டேன். கடைசியில் கொட்டாவி விட்ட பெண்தான் ஃபைல் வீங்கியிருக்கும் என்று கண்டுபிடித்தாள். பிரின்சிபாலுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றாம் தேதியே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் மேனேஜர் கேட்டதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். "மேற்படி கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராம் இனி நிற்காது என்று உறுதி அளிக்கிறேன். புவனா, லேப் இன்ஸ்ட்ரக்டர்." கையெழுத்துக்குக் கீழே அந்த வார்த்தையை நாலு தாளில் எழுதிப் பார்த்துத்தான் இதில் எழுதினேன்.

அந்தக் கம்ப்யூட்டரின் போட்டோ ஒன்று வேண்டும். பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்கிறார்கள். லேபில் ஒட்டப்போகிறேன். வெறுமனே போனில் அனுப்பாதீர்கள், பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள்.

நன்றி என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். எழுதவில்லை.

அன்புடன்,
புவனா


நெய்வேலி,
13.04.2025

அன்புத் தங்கை புவனாவுக்கு,

அண்ணன் கருப்பசாமி எழுதுவது. இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்க முருகன் துணை. மாப்பிள்ளையையும் ஹரியையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி அதை பிளாக் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டாள். அந்த உறுதித் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மேனேஜரிடம் கொடுக்கவில்லை.

போட்டோவை என்னை எடுத்து அனுப்பச் சொன்னாள். நேற்று ஷிப்ட் முடிந்து ஆபீஸுக்குப் போய் எடுத்தேன். இதனுடன் இருக்கிறது. கம்ப்யூட்டர்மேல் டீ ஃபிளாஸ்க்கும் சண்முகசுந்தரம் சாருடைய குடையும் ஏன் இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்காக இந்த நாலு வரி. உன் அண்ணிக்குத் தெரியவேண்டாம்.

பொங்கல் வாரத்திலேயே ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. லிஸ்ட் எல்லாம் அதில்தான் போகிறது. தங்கராசு அண்ணனுடைய படங்களும் அதற்குத்தான் வருகின்றன. பழையதைக் காயலான் கடைக்குப் போட இருந்தார்கள். உன் அண்ணி சாரிடம் கேட்டு ஜன்னல் ஓரமாக வைக்கச் சொல்லி, நீ எழுதியதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒன்றுவிடாமல் செய்து பார்த்தாள். சும்மா எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாயாம்.

பலாப்பழம் ஒன்று பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். பழுக்க ரெண்டு நாள் ஆகும்.

மற்றபடி நீ சரி செய்து கொடுத்த கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. நானே திறந்து பார்த்தேன். நிற்கவே இல்லை. அதற்கு மெயில்தான் எதுவும் வருவதில்லை.

இப்படிக்கு,
அண்ணன்